மூக்கில் பிடித்த சளி மூளையைக் கலக்குவது எப்படி?

கேட்டவர் ஒரு தாய். 3 வயது மகளுக்கு ஃபுளூ காய்ச்சல் தொடங்கிய அன்று மாலையே வலிப்பு வந்து, இரண்டு நிமிடங்களில் நின்றிருக்கிறது. அதே வாரம் வீட்டிலுள்ள 74 வயது மாமியாருக்கும் சளியும் இருமலும். அவருக்குக் காய்ச்சல் பெரிதாக அடிக்கவில்லை. ஆனால் இரண்டு நாட்கள் ஆளை அடையாளம் தெரியாமல், என்றோ இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "மூக்கிலும் நெஞ்சிலும் வருகிற கிருமி மூளைக்கு ஏறிவிடுமா? இருவருக்கும் இனி என்ன ஆகும்?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, முதலில் உங்கள் மனம் கொஞ்சம் ஆறட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மகளுக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு. மாமியாருக்கு வந்தது நோயின் வேகத்தில் முதியவர்களுக்கு வரும் திடீர் மனக்குழப்பம். இரண்டிலும் ஃபுளூ கிருமி மூளைக்குள் நுழைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நுழையாமலேயே மூளை கலங்கும். குழந்தைகள் நரம்பியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பெற்றோரிடம் நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பது இந்த ஒன்றைத்தான். நம் பாட்டிமார்கள் காய்ச்சலில் வரும் வலிப்பையும், காய்ச்சலில் வரும் பிதற்றலையும் ஒரே சொல்லால் 'ஜன்னி' என்றார்கள். கிருமி என்ற ஒன்றையே அறியாத காலத்தில், காய்ச்சலுக்கும் மூளைக்கும் உள்ள உறவைக் கண்ணால் கண்டு வைத்த பெயர் அது. இந்த இரண்டு நோயாளிகளையும் ஒரே பதிலில் வைத்துப் பேச எனக்கு அந்தச் சொல் உதவுகிறது.

சளிக் காய்ச்சல் வந்தால் ஏன் படுத்தே கிடக்கிறோம், ஏன் சோறு இறங்குவதில்லை? கிருமி உடம்பைத் தின்றுவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அந்தச் சோர்வே மூளையின் செயல்தான். 2023-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளில் இதை அழகாகக் காட்டினார்கள். ஃபுளூ பிடித்த காற்றுப்பாதையில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. மூக்கின் பின்பகுதியிலும் தொண்டையிலும் பரவியிருக்கும் சில நரம்பு இழைகள் அதை மோப்பம் பிடித்து, மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. அந்த இழைகளை மட்டும் செயலிழக்கச் செய்தபோது, கிருமி பிடித்த எலிகள் கூடுதலாகத் தின்றன, குடித்தன, நடமாடின. இபுபுரூஃபன் போன்ற மாத்திரை போட்டதும் ஏன் எழுந்து உட்காரத் தோன்றுகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அந்த மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் குறைக்கின்றன. ஆக, கிருமி தொண்டையைத் தாண்டாத போதே மூளைக்குச் செய்தி போய்விடுகிறது.

அடுத்த வழி ரத்தம். மூளையின் ரத்த நாளங்களின் உட்சுவரில் செல்கள் நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டி நிற்கும். கண்ட பொருளும் உள்ளே புகாது. ஆனால் நோயெதிர்ப்பு செல்கள் கிருமியோடு போராடும்போது சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் பொருள்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. அவை அளவு மீறும்போது அந்தத் தையல் நெகிழ்கிறது, மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன, நரம்பு செல்கள் எளிதில் கிளர்ச்சியடைகின்றன. நெஞ்சுச் சளி முற்றி ஆக்சிஜன் குறைந்தாலும், ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், ரத்தம் உறைந்து சிறு கட்டியானாலும் அடி விழுவது மூளையில்தான்.

மூக்கு வழியாக நேரே மூளைக்குப் போகலாமே என்பீர்கள். வழி இருக்கத்தான் செய்கிறது. வாசனை நரம்பின் நுண்ணிழைகள் மூக்கின் கூரையிலுள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மூளையைத் தொடுகின்றன. கொரோனா காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு மல்லிகை மணமும் காபி மணமும் தெரியாமல் போனபோது, கிருமி இந்த வழியாக மூளைக்குள் போய்விட்டது என்றே பலரும் அஞ்சினோம். பிறகு திசுக்களை ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. அந்தக் கிருமி பெரும்பாலும் தாக்கியது வாசனை நரம்பு செல்களை அல்ல. அவற்றுக்குப் பக்கபலமாக நிற்கும் தாங்கு செல்களை. தாங்குவன சரிந்ததும் நரம்பு செல்களும் வேலைநிறுத்தம் செய்தன. பெரும்பாலோருக்கு வாசனை திரும்பியதற்கும் அதுவே காரணம்.

உண்மையிலேயே மூளைக்குள் புகும் கிருமிகளும் உண்டு. மலேசியாவில் 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிபா அப்படிப்பட்டது. 2018-இல் கோழிக்கோட்டில் வந்ததும் அதுவே. இருமலும் மூச்சுத்திணறலும் ஒரு பக்கம், மூளைக்காய்ச்சல் மறுபக்கம் என்று இரண்டையும் ஒரே நோயாளியிடம் காட்டும். உங்கள் வீட்டில் வந்தது அதுவல்ல.

இனி மகளுக்கு வருகிறேன். 6 மாதத்திற்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை, காய்ச்சலின் சூட்டையும் அதனோடு சுரக்கும் சைட்டோகைன்களையும் தாங்காமல் ஒரு கணம் தடுமாறுகிறது. குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் வந்திருந்தால் வாய்ப்புக் கூடும். வலிப்பு உடம்பு முழுவதும் வந்து, 15 நிமிடத்திற்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராமல், பிறகு குழந்தை விழித்து உங்களை அடையாளம் கண்டுகொண்டால் அது எளிய வகை. மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடியும் வரலாம். அதனால் அறிவு மங்குவதில்லை, படிப்பு கெடுவதில்லை. பிற்காலத்தில் கால்கை வலிப்பு நோயாக மாறும் வாய்ப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதைவிடச் சிறிதே அதிகம்.

மறுபடி வந்தால் என்ன செய்வது? குழந்தையை ஒருக்களித்துத் தரையில் படுக்க வையுங்கள். கழுத்துச் சட்டையைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, வெங்காயத்தை முகர வைப்பது எதுவும் வேண்டாம். சாவியால் கெடுதல் இல்லையென்றாலும், அதைத் தேடி ஓடும் நேரத்தில் குழந்தை குப்புறக் கிடந்து மூச்சு முட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போனதும் உண்டு. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்து அளவும் சொல்லியிருந்தால், அதை அப்போது பயன்படுத்தலாம். காய்ச்சல் மருந்தை மணி தவறாமல் கொடுத்தால் வலிப்பே வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பாராசிட்டமால் குழந்தையின் வேதனையைக் குறைக்கும், அதற்காகக் கொடுங்கள். வலிப்பு வந்தபோது "நான் மருந்தை அரைமணி தாமதமாகக் கொடுத்துவிட்டேனே" என்று எத்தனையோ தாய்மார்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. உங்களுடையதும் அல்ல.

ஆனால் நான் பயப்படுகிற நோய் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஃபுளூ பருவத்தில் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். நேற்றுவரை ஓடியாடிய குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அன்றோ மறுநாளோ வலிப்பு வருகிறது, அல்லது சம்பந்தமில்லாமல் பேசுகிறது. வலிப்பு நின்ற பிறகும் நினைவு திரும்புவதில்லை. ஒரு நாளுக்குள் ஆழ்ந்த மயக்கம். 1998-99 பருவத்தில் மட்டும் இப்படி 148 பேரைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் இறந்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீரெடுத்துத் தேடியபோது பெரும்பாலோரிடம் கிருமியே இல்லை. கிருமி தொண்டையில், அழிவு மூளையில். உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படை கட்டுமீறி, மூளையின் ரத்த நாளங்களைக் கசியவிட்டு, அதை வீங்க வைத்திருந்தது.

இதன் மிகக் கொடிய வடிவத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் சேதமடைந்திருக்கும். கண்ணாடியில் பார்த்ததுபோல் இடமும் வலமும் ஒத்திருக்கும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்த மருத்துவர் மறக்கமாட்டார். சில குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. ரான்பிபி2 என்ற மரபணுவின் பிழை அதற்குக் காரணம் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். அண்மையில் அமெரிக்காவில் இரண்டு ஃபுளூ பருவங்களில் இந்நோய் தாக்கிய 41 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அதற்கு முன் எந்த நோயும் இல்லாதவர்கள். அந்தப் பருவத்துக்கான ஃபுளூ தடுப்பூசி போட்டிருந்தவர்கள் 100-க்கு 16 பேர் அளவில்தான். மிக அரிய நோய் இது. ஆனாலும் இந்த ஒரு எண்ணுக்காகவே, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதுபோல், 6 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி போடுங்கள் என்று பெற்றோரிடம் வற்புறுத்துகிறேன். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும் என்பது எனக்கு வருத்தமே.

மருந்து விஷயம் ஒன்று. மேற்சொன்ன ஜப்பானியக் குழந்தைகளில் டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் ஆகிய காய்ச்சல் மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. மருந்துதான் காரணமா, கடுமையான காய்ச்சலுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டதால் அப்படித் தெரிந்ததா என்ற விவாதம் இருந்தது. என்றாலும் ஃபுளூ பிடித்த குழந்தைகளுக்கு அவை வேண்டாம் என்று 2000-களின் தொடக்கத்தில் ஜப்பான் முடிவெடுத்தது. நம் ஊரில் "பாராசிட்டமாலுக்கு இறங்கவில்லை, வேறு கொடுங்கள்" என்று மருந்துக்கடையில் கேட்டால் மெஃபனமிக் அமில சிரப்பைச் சீட்டில்லாமலே எடுத்துத் தருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஆஸ்பிரினும் குழந்தைக்குக் கூடாது. ஃபுளூவோ சின்னம்மையோ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளை வீங்கிக் கல்லீரல் கெடும் ரே நோய் வரக்கூடும் என்பதை அமெரிக்கா கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1980-இல் அங்கே 555 பேருக்கு வந்தது. பெற்றோரை எச்சரித்து ஆஸ்பிரினை நிறுத்திய பின், 1990-களின் நடுவில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அந்த நோய் குறைந்துபோனது. ஒரு மாத்திரையை நிறுத்தியே ஒரு மூளை நோயை ஏறத்தாழ ஒழித்த நிகழ்வு அது.

அப்படியானால் சாதாரண வலிப்பையும் இந்தக் கொடிய நோயையும் வீட்டில் எப்படிப் பிரித்தறிவது? தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. 104 டிகிரியில் கார்ட்டூன் பார்க்கிற குழந்தையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 101 டிகிரியில் தாயின் முகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் வெறித்திருக்கும் குழந்தையைப் பற்றித்தான் கவலை. வலிப்பு நின்று அரைமணி நேரம் ஆகியும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, இல்லாத பொருளைக் காட்டிப் பயந்து கத்துகிறது, தொடர்ந்து வாந்தி எடுக்கிறது, கழுத்தை வளைக்க முடியவில்லை, ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்திருக்கிறது, நடந்த குழந்தை தள்ளாடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவு என்று பாராமல் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஸ்டீராய்டு முதலிய சிகிச்சைகளை முதல் நாளிலேயே தொடங்குவதற்கும் மூன்றாம் நாள் தொடங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. உங்கள் மகள் வலிப்பு நின்ற பத்து நிமிடத்தில் "அம்மா தண்ணி" என்று கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு சொற்களைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

சளி போன பிறகு வரும் நரம்பு நோய்களும் உண்டு. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பாதத்தில் மதமதப்பு தொடங்கி, கால் தளர்ந்து, தளர்ச்சி மேலே ஏறினால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். கிருமியை அடிக்க உருவான எதிர்ப்பொருள், உருவ ஒற்றுமையால் நரம்பின் உறையையும் அடித்துவிடுவது. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்தபோது செய்திகளில் படித்திருப்பீர்கள். அங்கே வயிற்றுப்போக்குக் கிருமி முன்னால் நின்றது, மற்ற நேரங்களில் சளிக் காய்ச்சலும் நிற்கும். மூச்சுத் தசை வரை ஏறுவதற்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் எழுந்து நடக்கிறார்கள். என்டெரோவைரஸ் டி68 என்ற இன்னொரு சளிக் கிருமி, அமெரிக்காவில் 2014, 2016, 2018 என ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு, போலியோவை நினைவூட்டும் கை கால் தளர்ச்சியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. 2018-இல் மட்டும் 238 பேர்.

தட்டம்மையைத் தோல் நோய் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மூச்சின் வழியே பரவுவது. அம்மை இறங்கி, குழந்தை பள்ளிக்குப் போய், எல்லாரும் அதை மறந்து 7 முதல் 10 ஆண்டுகள் கழிந்த பின், ஒரு நாள் அந்தப் பையன் கையெழுத்துக் கோணுகிறது, நடக்கும்போது உடம்பு திடீர் திடீரென்று உதறுகிறது, பாடம் மறக்கிறது. இத்தனை காலமும் மூளைக்குள் பதுங்கியிருந்த தட்டம்மைக் கிருமியின் வேலை அது. அநேகமாக உயிரைக் கொண்டுபோய்விடும். கைக்குழந்தைப் பருவத்தில் அம்மை வந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இந்தியாவில் நாங்கள் இதை இன்றும் பார்க்கிறோம். 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இதைத் தடுக்கிறது, அதுவும் இலவசமாக. உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

எல்லா மூளை நோய்க்கும் சளியைக் குற்றவாளியாக்கவும் கூடாது. 1917-இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகானமோ என்ற மருத்துவர், மாதக்கணக்கில் தூங்கியே கிடந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே உலகை உலுக்கிய பெரும் ஃபுளூ வந்ததால் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் தூக்க நோய் ஃபுளூவுக்கு முன்பே தொடங்கியிருந்தது. பாதுகாத்து வைத்த மூளைத் திசுக்களில் பிற்காலத்தில் தேடியபோதும் ஃபுளூ கிருமியின் தடயம் கிடைக்கவில்லை. கொரோனா விஷயத்திலோ, மூளையில் மாற்றம் ஏற்படுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை எடுத்த மூளைப் படங்களை ஒப்பிட்ட 2022 ஆய்வில், இடையில் கொரோனா வந்த 401 பேருக்கு, வராதவர்களைவிட, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகள் சற்றே மெலிந்திருந்தன. வேறுபாடு 0.2 முதல் 2 சதவீதம் வரை. பெரும்பாலோருக்கு வந்தது லேசான நோய்தான். அந்த மெலிவு காலப்போக்கில் சரியாகுமா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதியவர்களுக்கு நுரையீரல் தொற்று வந்தால் காய்ச்சல் வராமலே போகலாம். முதல் அறிகுறியே குழப்பம்தான். பகலில் தூக்கம், இரவில் பிதற்றல், சிலர் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பது. வீட்டார் "வயதாகிவிட்டது", "காற்று கருப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. இது ஓரிரு நாளில் வருவது, மணிக்கு மணி மாறுவது. இப்படி வந்தால் அன்றே ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, சோடியம் பார்க்க வேண்டும், சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சளி மாத்திரைகளில் பலவற்றில் குளோர்ஃபெனிரமைன் இருக்கிறது. மூக்கொழுகலை நிறுத்தும் அதே மருந்து, மூளையில் நினைவுக்கு வேண்டிய ரசாயனத்தையும் தடுத்து, 70 வயதைத் தாண்டியவர்களைக் குழப்பும். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையின் பின்புறம் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என் ஊகம், இருக்கும்.

வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை விழுந்துபோதல் இருந்தால் அது குழப்பம் அல்ல, பக்கவாதம். பிரிட்டன் நோயாளிகளை வைத்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நெஞ்சுத் தொற்று கண்டறியப்பட்ட முதல் மூன்று நாட்களில் பக்கவாத ஆபத்து வழக்கத்தைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. அழற்சி ரத்தத்தை உறையத் தூண்டுவதே அதற்குக் காரணம். ரத்த அழுத்த மாத்திரையைக் காய்ச்சல் நாட்களில் தாமாக நிறுத்திவிடும் முதியவர்கள் நம்மிடையே மிக அதிகம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள்.

இப்போது அவர் தெளிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. கண்ணாடியும் காது கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பகலில் சன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரட்டும், இரவில் அறையில் சிறு விளக்கு எரியட்டும். இப்படி ஒருமுறை குழம்பியவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுவதால், இரண்டு மாதம் கழித்து ஒருமுறை நினைவாற்றல் பரிசோதனை செய்துவிடுங்கள். பலருக்குக் குழப்பத்தில் பேசியது அரைகுறையாக நினைவிருக்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லமாட்டார்கள். அவர் தம்பியைக் கூப்பிட்டதை வீட்டில் யாரும் வேடிக்கையாகப் பேச வேண்டாம். அவரே கேட்டால், சளிக் காய்ச்சலில் இப்படி ஆகும், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள். பிறகு அந்தத் தம்பியைப் பற்றிக் கேளுங்கள்.